ஊர்த் தெய்வம் பொறித்த காசுகள்: ரோம மாகாண நாணயங்களைச் சேர்க்க ஒரு வழிகாட்டி

ரோம நாணயம் சேர்ப்பவர்கள் மன்னர் வரிசைப்படி போவதுதான் வழக்கம். அகஸ்டஸ், டைபீரியஸ், நீரோ என்று ஆளுக்கொரு வெள்ளிக்காசு வாங்கி வரிசையை நிரப்புவார்கள். மாகாண நாணயங்களுக்கு வந்தால் அந்த வரிசையை மறந்துவிடலாம். இந்தக் காசுகளில் முன்பக்கம் மன்னருக்கு, பின்பக்கம் ஊருக்கு. ஊரார் தங்களைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல விரும்பியதைப் பின்பக்கத்தில் பொறித்தார்கள். பல ஊர்களில் அது அவர்களுடைய தெய்வம். ஆகவே காசைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள்.

எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய கிரேக்கம், பல்கேரியா, துருக்கி, சிரியா, லெபனான், இஸ்ரேல், ஜோர்டான், எகிப்து முதலிய நாடுகளில் இருந்த 500-க்கும் மேற்பட்ட நகரங்கள் ரோம ஆட்சியின் கீழ் தங்கள் பெயரில் காசு அடித்தன. காலம் ஏறத்தாழ கி.மு. 44 முதல் கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை. சின்ன ஆசியாவில் காலியேனஸ் ஆட்சியோடு (253–268) பெரும்பாலான ஊர்களில் இந்த வழக்கம் ஓய்ந்தது. பம்பிலியாவின் பெர்கே மட்டும் டாசிட்டஸ் மன்னர் காலம் (275–276) வரை தாக்குப்பிடித்தது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் டயோக்ளீஷியனின் சீர்திருத்தத்தோடு, 296-ஐ ஒட்டி, முடிந்தது. உலோகம் பெரும்பாலும் வெண்கலமும் செம்பும். சிரிய அந்தியோகியா, கப்பதோக்கியாவின் செசரியா, அலெக்சாந்திரியா போன்ற சில பெரிய நகரங்கள் வெள்ளியும் வெள்ளிக் கலவையும் அடித்தன. எழுத்து கிரேக்கம், ரோமக் குடியேற்ற நகரங்களில் மட்டும் லத்தீன்.

மூலவரைக் கண்டுபிடிப்பது

ஒரு காசில் அர்த்தெமிஸ் வில்லோடு ஓடுகிறாள், பக்கத்தில் வேட்டை நாய். இன்னொரு காசில் அதே அர்த்தெமிஸ் ஆடாமல் அசையாமல் நேராக நிற்கிறாள்: தலையில் உயர்ந்த மகுடம், மார்பு முழுக்கத் திரள் திரளாக உருண்டைகள், இருபுறமும் விரித்த கைகளிலிருந்து தரைவரை தொங்கும் கம்பளிச் சரங்கள், காலடியில் இரண்டு மான்கள். முதலாவது கிரேக்க உலகம் முழுவதும் புழங்கிய பொதுப் படம். இரண்டாவது எபேசு நகரத்துக் கோயிலின் கருவறையில் நின்ற மூலவர். நாம் தேடுவது இரண்டாவதை.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. விற்பனைப் பட்டியலில் இரண்டுக்கும் "அர்த்தெமிஸ்" என்ற ஒரே பெயர்தான் போட்டிருப்பார்கள். மூலவரை அடையாளம் காட்டும் குறிகள் சில உண்டு. உருவம் பீடத்தின்மேல் நிற்கும். விறைப்பாக நேர்முகம் காட்டும். கால்கள் சேர்ந்து தூண்போல இருக்கும். கைகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் அல்லது சரம் தொங்கும். பல சமயம் கோயில் தூண்களுக்கு நடுவே இருக்கும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், அச்சு வெட்டியவர் தன் ஊர்க் கோயிலில் இருந்த குறிப்பிட்ட ஒரு சிலையை மனதில் வைத்தே வெட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், அந்தச் சிலைகளில் மிகப் பல இன்று இல்லை. மரமும் பொன்னும் வெள்ளியும் கொண்டு செய்தவை எரிந்தன, உருகின. எபேசுக்காரிக்காவது பிற்காலப் பளிங்குப் பிரதிகள் கிடைத்திருக்கின்றன. செல்சுக் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வேறு பல ஊர்களின் மூலவர் எப்படி இருந்தார் என்பதற்கு ஒரு விரலளவு வெண்கலக் காசுதான் சாட்சி. சாமோஸ் தீவின் ஹேரா, சர்தையின் கோரே, பெர்கேயின் அர்த்தெமிஸ் ஆகியோரின் கோலத்தைக் காசுகளின் துணையோடுதான் ஆய்வாளர்கள் மீட்டெடுத்தார்கள். தேய்ந்த காசானாலும் அதில் பீடமும் சரமும் தெரிந்தால், பளபளப்பான பொதுப் படத்தைவிட அதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

ஓர் எச்சரிக்கை. காசில் கோயிலைப் பார்த்துத் தூண்களை எண்ணாதீர்கள். சிலை தெரிய வேண்டும் என்பதற்காக அச்சு வெட்டியவர்கள் தூண்களைக் குறைத்தார்கள், நடுத்தூண்களை விலக்கி இடம் விட்டார்கள். எபேசுவின் கோயில் ஒரு காசில் நான்கு தூணோடும் இன்னொன்றில் எட்டுத் தூணோடும் வரும். கோயில் மாறவில்லை, காசின் அளவுதான் வேறு.

தெய்வமே ஊரின் முகவரி என்பதற்கு நல்ல சான்று, இரண்டு நகரங்கள் தங்கள் நல்லுறவைக் கொண்டாட வெளியிட்ட காசுகள். எபேசுவும் சிமிர்னாவும் சேர்ந்தால் ஒருபுறம் அர்த்தெமிஸ், மறுபுறம் இரட்டை நெமசிஸ் தேவியர். பெர்கமு சேர்ந்தால் பாம்பு சுற்றிய தடியோடு அஸ்கிலேபியஸ். ஊர்ப்பெயர் தேய்ந்து போன காசிலும் யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பார்த்தே ஊர்களைச் சொல்லிவிடலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் தட்டான் தெமேத்திரியு கிளப்பிய கலகத்தைப் படித்தவர்களுக்கு, ஓர் ஊர் தன் தெய்வத்தின் பெயரில் எவ்வளவு கொதித்தெழும் என்பது தெரியும். அதே ஊரின் அதே தேவிதான் இந்தக் காசுகளில் நிற்கிறாள்.

கல்லும் மலையும்

என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. சிரியாவிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் பல தெய்வங்களுக்கு மனித உருவமே கிடையாது. கல்தான் தெய்வம்.

சைப்ரஸின் பாஃபோஸில் அஃப்ரோடைட்டி ஒரு கூம்புக்கல். பல காசுகளில், உயர்ந்த நடுமாடத்துக்குள் அந்தக் கல் நிற்பதையும் முன்னால் அரைவட்ட முற்றத்தையும் காணலாம். அங்கே தேவிக்கு மனித வடிவம் இல்லை என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் எழுதியிருக்கிறார். லெபனானின் பிப்லோஸில் மக்ரினஸ் காலத்துக் (217–218) காசில், ஒரு பெரிய முற்றத்தின் நடுவே கூம்புக்கல் வானத்தைப் பார்த்து நிற்கிறது. சீதோனில் அஸ்தார்த்தேயின் கல் சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏறியிருக்கிறது. தேவி வீதியுலா வந்தாள் என்பதற்கு அந்த வண்டியே ஆதாரம்.

எமேசாவின் கருங்கல்லின் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். இன்றைய ஹோம்ஸ் நகரம். எலகாபால் என்ற தெய்வத்தின் கல்லுக்குப் பூசாரியாக இருந்த சிறுவன் 218-இல் பேரரசனானான், கல்லை ரோமுக்கே கொண்டுபோனான், 222-இல் கொல்லப்பட்டான். அந்தக் கல்லும் அதன்மேல் கழுகும் எமேசாவின் காசுகளில் வருகின்றன. இவை அரிது, விலையும் அதிகம், போலியும் அதிகம். புதிதாகத் தொடங்குபவர் கிட்டே போக வேண்டாம்.

சிரியக் கடலோரத்துச் செலூக்கியாவில் ட்ராஜன் காலத்தில் (98–117) அடித்த வெண்கலக் காசு அப்படியல்ல. அது பரவலாகக் கிடைக்கும், நடுத்தர விலையில் வாங்கலாம். நான்கு தூண்கள் தாங்கிய சிறு மண்டபம், கூம்பிய கூரை, உச்சியில் கழுகு. உள்ளே, சரம் கட்டிய ஓர் உருண்டைக் கல். கீழே கிரேக்கத்தில் "சியூஸ் காசியோஸ்" என்ற பெயர். பெயரில் சியூஸ் இருக்கிறதே என்று பார்த்தால், ஒலிம்பஸ் மலையின் தாடிக்காரர் அங்கே இல்லை. காசியோஸ் என்பது செலூக்கியாவுக்குத் தெற்கே கடலோரத்தில் எழும் மலை, இன்று ஜெபல் அக்ரா. 1929 முதல் ரஸ் ஷம்ராவில் தோண்டியெடுத்த உகாரித் களிமண் பலகைகளில் அதே மலை, பாகால் தெய்வத்தின் இருப்பிடமாக வருகிறது. அந்தப் பலகைகளுக்கும் இந்தக் காசுக்கும் இடையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குக் குறையாத இடைவெளி. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் வெண்கலக் காசில் இவ்வளவு நீண்ட வழிபாட்டைக் கையில் பிடிப்பது எனக்கு இன்றும் வியப்பு.

கப்பதோக்கியாவின் செசரியாவில் மலையே தெய்வம். ஆர்கேயஸ் மலை, இன்று எர்சியஸ், 3,900 மீட்டருக்கு மேல் உயரம், பனி மூடிய எரிமலை. அந்நகரின் வெள்ளி திராக்மாவிலும் சிறு வெண்கலக் காசுகளிலும் அந்த மலை வெவ்வேறு கோலத்தில் வருகிறது. சிலவற்றில் தனி மலை. சிலவற்றில் உச்சியில் ஒரு நட்சத்திரம் அல்லது நிற்கும் உருவம். செவெரஸ் அலெக்சாந்தர் காலத்துக் காசுகளில் பலிபீடத்தின்மேல் வைத்த மலையின் சிறு வடிவம். உருப்பெருக்கியின் கீழ் பாருங்கள்: சரிவில் சின்னச் சின்னப் புள்ளிகளாக மரங்கள், அடிவாரத்தில் குகை வாய், சில அச்சுகளில் ஓடும் விலங்கு. ஆட்சியாண்டும் பொறித்திருப்பதால் ஆண்டு சொல்லலாம். ஒரே தெய்வத்தை எடுத்துக்கொண்டு ஆழமாகச் சேர்க்க விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியாது.

மனித உருவத் தெய்வங்களில் பிசீதியா அந்தியோகியாவின் மென் என்ற சந்திர தேவனையும் தேடிப் பாருங்கள். தோள்களுக்குப் பின்னால் பிறை, தலையில் முன்பக்கம் மடிந்த ஃபிரிகியத் தொப்பி, ஒரு கால் காளைத் தலைமேல், அருகே சேவல். செப்டிமியஸ் செவெரஸ் முதல் மூன்றாம் கோர்டியன் வரை பெரிய வெண்கலக் காசுகளாக வந்தது. குடியேற்ற நகரம் என்பதால் எழுத்து லத்தீன். கிரேக்கம் படிக்கத் தயங்குபவருக்கு இது வசதி.

பாம்பும் நைலும்

கருங்கடல் கரையில் அபோனோதெய்கோஸ் என்ற சிற்றூரில், 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்தர் என்ற ஒருவர் மனிதத் தலை கொண்ட பாம்புத் தெய்வத்தை நிறுவினார். பெயர் கிளைக்கோன். எழுத்தாளர் லூசியன் அவரை மோசக்காரர் என்று தாக்கி ஒரு நூலே எழுதினார். பாம்பின் தலை துணியால் செய்தது என்றார். ஊருக்கு அயோனோபோலிஸ் என்று பெயர் மாற்றவும் கிளைக்கோன் காசு அடிக்கவும் அலெக்சாந்தர், பேரரசரிடம் அனுமதி கேட்டதாகவும் லூசியனே சொல்கிறார். காசுகள் அதை உறுதிப்படுத்துகின்றன: அந்தோனினஸ் பயஸ் காலத்தில் கிளைக்கோன் பெயரோடு காசு வந்தது, பிறகு புதிய ஊர்ப்பெயரும் வந்தது. அந்த ஊர் இன்று இனெபோலு. 1962-இல் ருமேனியாவின் கான்ஸ்டான்சாவில் கிளைக்கோனின் பளிங்குச் சிலை ஒன்றும் கிடைத்தது.

இந்தக் கதையால் சந்தையில் ஒரு கெட்ட பழக்கம் பரவியிருக்கிறது. மார்சியானோபோலிஸ், நிகோபோலிஸ் போன்ற ஊர்களின் சாதாரணச் சுருண்ட பாம்புக் காசுகளை எல்லாம் "கிளைக்கோன்" என்று பெயரிட்டு விலையேற்றி விற்கிறார்கள். தலையைப் பாருங்கள். மனித முகமும் கூந்தலும் தெளிவாக இருந்தால் மட்டும் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றவை நல்ல காசுகள்தான். ஆனால் அவற்றின் விலைக்கே வாங்க வேண்டும்.

அலெக்சாந்திரியா தனி உலகம். தலையில் தானியப் படி வைத்த சராபிஸ், முதலையோடும் நீர்யானையோடும் சாய்ந்திருக்கும் நைல் தேவன், குடத்துக்கு மனிதத் தலை வைத்ததுபோன்ற ஒசிரிஸ்-கனோபஸ், கலங்கரை விளக்கத்தின் முன் பாய் பிடித்து நிற்கும் இசிஸ் என்று வகை வகையாக வரும். நான்கு திராக்மாக் காசு நீரோ காலத்தில் 13 கிராமை ஒட்டி இருந்தது. டயோக்ளீஷியன் காலத்தில் 8 கிராமை ஒட்டிய, பார்வைக்குச் செம்பாகவே தெரியும் காசாக இளைத்துவிட்டது. ஆட்சியாண்டு பொறித்திருக்கும். எகிப்திய ஆண்டு ஆகஸ்ட் 29-இல் பிறக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஹேட்ரியன் 117 ஆகஸ்ட் 11-இல் ஆட்சிக்கு வந்தார். மூன்று வாரத்துக்குள் அவருக்கு "இரண்டாம் ஆண்டு" தொடங்கிவிட்டது.

எழுத்தும் அளவும்

கிரேக்கப் பெரிய எழுத்துகள் இருபத்து நான்கையும் ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். மொழி தெரிய வேண்டியதில்லை. ஊர்ப்பெயர் பெரும்பாலும் "இன்ன ஊராருடையது" என்ற வடிவில் "-ஓன்" என்று முடியும்: எஃபெசியோன், ஸ்மிர்னையோன். அச்சில் படித்த கிரேக்கத்துக்கும் காசுக்கும் இரண்டு எழுத்துகளில் வேறுபாடு வரும். சிக்மா பிறைபோல வளைந்திருக்கும், ஓமேகா பலமுறை இரண்டு வளைவு சேர்ந்த வடிவில் இருக்கும். "நெயோகோரோஸ்" என்ற சொல் கண்ணில் பட்டால் அந்த நகரம் கோயில் காவல் பட்டம் பெற்றது என்று பொருள். பக்கத்தில் இரண்டு, மூன்று என்ற எண்ணும் இருந்தால் காலத்தைக் குறுக்க உதவும்.

ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், அச்சுத் திசை மூன்றையும் குறித்துவிடுங்கள். அச்சுத் திசை என்பது மன்னர் தலையை நேராகப் பிடித்துக் காசைத் திருப்பினால் பின்பக்கத்தின் உச்சி கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறது என்பது. பெரும்பாலும் 12 அல்லது 6. பிறகு "ரோமன் புரோவின்ஷியல் காயினேஜ்" தொகுதிகளோடு ஒப்பிடுங்கள். பர்னெட், அமாண்ட்ரி, ரிப்போலெஸ் மூவரும் தொடங்கி, 1992-இல் முதல் தொகுதி வந்தது. இணையத்தில் இலவசமாகவும் தேடலாம். இந்தத் துறைக்கு அதுவே அடித்தளம்.

இரண்டு பக்கமும் நடுவில் சின்னக் குழி இருந்தால் காசைத் தள்ளிவிடாதீர்கள். தட்டைத் தயாரிக்கும்போது விழுந்த குழி அது; சின்ன ஆசிய வெண்கலத்தில் இயல்பு.

போலியும் திருத்தமும்

வார்ப்புப் போலியைப் பிடிப்பது கடினமல்ல. விளிம்பில் ஒட்டுக்கோடு, எழுத்தோரம் சோப்பைப்போல் மழுங்கல், எடைக்குறைவு, இரண்டு காசில் அச்சு அசலாக ஒரே இடத்தில் ஒரே குழி. இவற்றில் எது தெரிந்தாலும் விலகுங்கள்.

பெரிய ஆபத்து, உண்மையான தேய்ந்த காசை ஊசியால் மீண்டும் செதுக்கி அரிய வகையாக்குவது. மன்னரின் கன்னம் தேய்ந்திருக்க, தெய்வத்தின் மடிப்புகள் மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூராக இருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளூர்த் தெய்வ வகைகளுக்கு விலை அதிகம் என்பதால் திருத்துபவர்களின் கை இங்கேதான் அதிகம் விழுகிறது. சிரிய, லெபனானியக் காசுகளில் எழுத்துகளுக்கு இடையே செம்மண் படிந்து அழகாக இருக்கும். இயற்கையாகவும் அப்படி வரும், பசை கலந்து பூசியும் வரும். கலப்பில்லாத அசிடோனில் பஞ்சை நனைத்து ஓரத்தில் துடைத்தால், பூசியது கையோடு வரும்.

நம் ஊர் ஈரம்

வெண்கலத்துக்குக் கடற்காற்று எமன். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காசின் மேல் கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த பச்சையோ பழுப்போ அதன் காப்பு, அதைத் தொடக்கூடாது. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி வேறு. அது உலோகத்துக்குள் சிக்கிய குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அரிக்கும் நோய். கண்டவுடன் அந்தக் காசைத் தனியே எடுத்து, பொடியை மரக்குச்சியால் சுரண்டி, காய்ச்சி வடித்த நீரில் பல வாரம் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பி.வி.சி. உறைகள் வேண்டாம், அவை காலப்போக்கில் பசைபோல் கசிந்து காசைக் கெடுக்கும்.

புளி, எலுமிச்சை, விபூதி போட்டுத் துலக்கவே கூடாது. வீட்டில் யாராவது அன்போடு துலக்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டாயிரம் ஆண்டுக் காப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும், திரும்ப வராது.

சட்டமும் மனச்சாட்சியும்

கரூர் அமராவதி ஆற்றிலும் புதுக்கோட்டைப் புதையலிலும் மதுரையிலும் கிடைத்த ரோமக் காசுகளில் பெரும்பாலானவை ரோம அரசு நேரடியாக அடித்த பொன், வெள்ளிக் காசுகளும் பிற்காலச் செப்புக்காசுகளும். நகரக் காசுகள் உள்ளூர்ச் சந்தைக்காக அடித்தவை; கடல் கடந்த வாணிகத்துக்கு அவை பயன்படவில்லை. "கரூரில் கிடைத்த எபேசு காசு" என்று யாராவது நீட்டினால், நம்பும் முன் ஒரு நாணயவியலாளரிடம் காட்டுங்கள். மண்ணில் உண்மையிலேயே காசு கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் காசையும் தொல்பொருள் என்கிறது. எந்த நாட்டுக் காசு என்று பிரிப்பதில்லை. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்த காசு போலி என்ற சந்தேகம் வந்து திருப்பி அனுப்ப நினைத்தாலும், சட்டம் குறுக்கே நிற்கலாம். வாங்கும் முன்பே முழுமையாகச் சோதித்துவிடுவது அவசியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எகிப்தும் துருக்கியும் 1983-இலேயே கடுமையான தொல்பொருள் சட்டங்களை இயற்றின. சிரியாவில் 2011-க்குப் பிறகு நடந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது: ஒரோந்தஸ் கரை அபமேயாவின் மண் முழுவதும் திருட்டுக் குழிகளாகிப் போனதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஒரு காசை அதன் மண்ணிலிருந்து பிடுங்கினால், எந்தக் கோயிலருகே, எந்தக் காசுகளோடு கிடந்தது என்பது போய்விடும். உள்ளூர்த் தெய்வத்தைத் தேடிப் போகும் நமக்கு அந்த விவரம்தான் உயிர். ஆகவே பழைய ஏலப் பட்டியலிலோ பழைய சேகரிப்பிலோ இடம்பெற்றதற்குச் சான்று உள்ள காசுகளையே வாங்குங்கள். சான்று இல்லாத அழகான காசை விட்டுவிட்டுச் சான்றுள்ள தேய்ந்த காசை எடுங்கள். மண் ஒட்டியபடி கொத்தாக விற்கும் "துப்புரவு செய்யாத" காசுகளைத் தொடவே வேண்டாம்.

முதல் காசாக செசரியாவின் ஆர்கேயஸ் மலையையோ அலெக்சாந்திரியாவின் சராபிஸையோ எடுங்கள். இரண்டும் எளிதில் கிடைக்கும், படிக்க எளிது, ஒப்பிட நிறைய மாதிரிகள் உண்டு. வாங்கிய நாள், விலை, விற்றவர், அதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதை ஒரு சீட்டில் மையால் எழுதி, ரசீதோடு சேர்த்துக் காசின் பக்கத்திலேயே வையுங்கள். உங்களுக்குப் பின் அந்தக் காசை எடுப்பவருக்கு அந்தச் சீட்டு கட்டாயம் தேவைப்படும்.